ஐந்து ராஜாக்கள் காத்திருந்தார்கள்

முப்பது வருடத்துக்கு மேல் வாயால் பிழைத்தவன் நான். கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளார்க் வேலை. கப்பலில் வந்த சாமானுக்குத் தீர்வை கட்டி, பத்திரங்களைக் காட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். அதற்குப் படிப்பு கொஞ்சம் போதும், வாய் நிறைய வேண்டும். காலையில் ஒருகொடவத்தை கொள்கலன் யார்டில் சிங்களத்தில் சண்டை பிடிப்பேன். பகலில் சாமான்காரருக்கு ஆங்கிலத்தில் சமாதானம் சொல்வேன். பின்னேரம் வெள்ளவத்தைக்கு வந்து மனைவியிடம் தமிழில் வாய் காட்டுவேன். மூன்று மொழியிலும் எனக்குக் கோபம் நன்றாக வரும்.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் இழுத்தது, வாய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது தலைக்குள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. மனைவியின் முகம் தெரிந்தது, அவள் பெயர் தெரிந்தது, எனக்குத் தாகம் என்பதும் தெரிந்தது. தண்ணீர் என்ற சொல்லை மட்டும் காணவில்லை. கூப்பிடக் கூப்பிட அது உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து வார்டுப் பணியாள் ஒருவர் கட்டிலருகே வந்தார். என் வாய் தானாகத் திறந்து, சிங்களத்தில் ‘வத்துர டிக்கக்’ என்றது. அவர் தண்ணீர் கொடுத்தார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை செய்த மொழி சிலருக்கு முதலில் திரும்புமாம். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் அப்படித்தான் சொன்னார். எனக்குச் சிங்களம் திரும்பியது, அதுவும் யார்டுச் சிங்களம். தாய்மொழி கடைசி வரிசையில் நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் வேண்டுமென்றால் சிங்களத்தில்தான் வந்தது. என் மனைவிக்கோ கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம்.

ஒருநாள் பாமன்கடைக்குப் பயிற்சிக்குப் போனபோது, த்ரீவீலர்க்காரருக்கு வழி சொல்ல நான் வாயைத் திறந்தேன். ‘மெத்தனின் வமட்ட’ என்று இடது பக்கம் திருப்பச் சொன்னேன். அவர் வெயிலைப் பற்றி ஏதோ சொல்ல, நான் அதற்கும் பதில் சொன்னேன். எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் மனைவி வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

“அவனோட வருது. என்னோட வரேல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் சிங்களம் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். குறுக்குப் பாதை இருப்பது தெரிந்தும் சுற்றிப் போவதென்று வைத்துக்கொண்டேன். அதனால் வீட்டில் நான் முக்கால்வாசி ஊமை.

ஊமையாக இருப்பதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அரை ஊமையாக இருப்பது. நான் ஒரு சொல்லைத் தொடங்குவேன், சுற்றி நிற்பவர்கள் முடித்து வைப்பார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய கோயில் கூட்டாளி ஒருவர் குடும்பத்தோடு பார்க்க வந்தார். கடற்காற்று சுள்ளென்று முகத்தில் அடித்தது. ஜன்னலைச் சாத்தச் சொல்ல, “ஜ… ஜ…” என்று தொடங்கினேன். அவர் கண் கலங்கி, “ஜெபமா? செய்வம், செய்வம்,” என்று எழும்பினார். எல்லோரும் எழும்பினார்கள். ஜெபமாலையில் பத்து மணியும் உருட்டி முடியும் வரைக்கும் அந்தக் காற்றிலேயே இருந்தேன். கடைசியில் எனக்கு விசுவாசம் கூடியிருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார். மாதாவே என்னை மன்னிக்க வேண்டும், அன்று நான் மனதுக்குள் சொன்னதெல்லாம் ஜெபமல்ல.

அவர்கள் யாரும் கெட்டவர்களில்லை. நான் திணறுவதைப் பார்க்க அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டத்தை முடிக்க அவசரப்பட்டார்கள். என் மனைவியும் அப்படித்தான், மகளும் அப்படித்தான். இரக்கம் வந்தால் கூடவே அவசரமும் வந்துவிடுகிறது.

மகள் கல்யாணம் முடித்து ஹெந்தளையில் இருக்கிறாள். அவள்தான் தன் பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “கை அசையட்டும் அப்பா. மவுஸப் பிடிச்சு விளையாடுங்க. அவசரப்படுத்தாத கேம் ஒண்டு போட்டிருக்கிறன்.” எனக்கு எரிச்சல் வந்தது. துறைமுகத்தில் கப்பல்களைப் பார்த்தவனுக்குப் பொம்மை விளையாட்டா என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி, கேட்க வாய் வேண்டுமே.

ஆட்டம் இதுதான். தொடக்கத்தில் எனக்கு ஒரு சின்ன ஊரும், ஒரு வேல்காரனும், குடியேற ஒரு கூட்டமும் தருவார்கள். வயல் செய்யலாம், மதில் கட்டலாம், படை சேர்க்கலாம், புது ஊர் அமைக்கலாம். என்னைச் சுற்றி ஐந்து ராஜாக்கள். ஐந்து பேரையும் ஆட்டுவது கொம்பியூட்டர். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மூலையில் உள்ள பொத்தானை அமர்த்தினால் அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காரியத்தைச் செய்வார்கள். பிறகு மறுபடி என் முறை.

அந்தப் பொத்தானை நான் அமர்த்தும் வரைக்கும் ஒரு ராஜாவும் அசையமாட்டான். முதல் நாள் அதை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள், மவுஸை ஒரு அங்குலம் நகர்த்துவதற்குள் தோள் நொந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். கீழே கரையோர ரயில் ஒன்று தடதடத்துப் போயிற்று. மனைவி தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். குடித்து முடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், ஐந்து பேரும் அப்படியே நிற்கிறார்கள். ‘இதைத்தானே செய்ய வந்தீர்கள்’ என்று ஒருவனும் எனக்காகச் செய்து வைக்கவில்லை. கொம்பியூட்டருக்கு என்மேல் இரக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

மரியாதை கிடைத்ததே தவிர, வெற்றி கிடைக்கவில்லை. ஆட்டத்தில் படிகள் உண்டு. அடிமட்டப் படி குழந்தைகளுக்கானது என்று நானே தீர்மானித்து இரண்டாம் படியில் தொடங்கினேன். முதல் ஆட்டத்தில் காட்டுக்கொள்ளையர் வந்து ஊரை எரித்தார்கள். அடுத்ததில் ஊர்களை அமைத்துக்கொண்டே போய்ச் சோறு போட முடியாமல் சனம் கலகம் செய்தது. அதற்கடுத்ததில் எல்லாம் சரியாகத்தான் போனது. மேற்குப் பக்கத்து ராஜா, தாடி வைத்தவன், சிரித்த முகம், அடிக்கடி வந்து நலம் விசாரித்தான். நான் மதில் கட்டாமல் வயல் செய்தேன். ஒருநாள் சிரித்த முகத்தோடேயே வந்து என் ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்தான். மகள் ஃபோனில், “அப்பா, அடிப்படிக்கு இறங்குங்களேன்,” என்றாள். முடியாது என்று தலையை ஆட்டினேன். ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? மனைவிதான், “மாட்டாராம்,” என்று சொன்னாள்.

மனைவி முதலில் இந்த விளையாட்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பயிற்றங்காய் முறிக்கிற தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினாள். உட்கார்ந்தவள் சும்மா இருப்பாளா? நான் வேல்காரனைப் பாலத்துக்கு நகர்த்தப் பாடுபடும்போது, “அங்க இல்ல, இங்கால, இங்கால,” என்று மவுஸின்மேல் கையை வைத்துத் தானே தள்ளிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இடக்கையால் லப்டொப்பைப் படாரென்று மூடினேன். தட்டிலிருந்த காய்கள் சிதறின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இரண்டு நாள் மேசைப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான் தொடேல்ல. நீங்கள் செய்யுங்கோ.”

வேல்காரன் பாலத்துக்குப் போய்ச் சேர வெகுநேரம் எடுத்தது. அவள் விரல்கள் மடியில் துடித்ததைப் பார்த்தேன், ஆனால் அவை எழும்பவில்லை. ஆட்டத்தில் பழகிய இது மெல்ல மெல்ல ஆட்டத்துக்கு வெளியேயும் வந்தது. நான் ஒரு சொல்லைத் தொடங்கினால் அவள் வாயைக் கூட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். வந்தால் வரும். வராவிட்டால் நான், “வரேல்ல,” என்பேன். அது மட்டும் எனக்கு நன்றாக வந்தது. நாளுக்குப் பலமுறை சொல்லி வாய்க்குப் பழகிவிட்ட சொல். அவளும், “சரி, பிறகு வரும்,” என்று எழும்பிப் போவாள்.

நான் ஏன் தோற்கிறேன் என்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். துறைமுகப் பக்கத்தில் ‘சந்தோஷம்’ என்று ஒன்று உண்டு. சொல் நம்முடையதுதான், ஆனால் கொழும்பில் சிங்களம் பேசுபவர்களின் வாயில்தான் அதற்கு அந்த அர்த்தம். வேலையைத் தட்டிக்கழிக்காமல் செய்து தந்தவனுடைய கையில் சிரித்துக்கொண்டு வைக்கிற தேநீர்ச் செலவு. லொறிக்காரனுக்கு, சாமான் இறக்குபவனுக்கு, கேட் திறப்பவனுக்கு. அது கைமாறியபின் அவன் உன் ஆள். அடுத்த தடவை கண்டால் அவனே ஓடி வருவான். இந்த ஒரு வித்தையை வைத்துத்தான் நான் வாழ்ந்தேன். ஆட்டத்திலும் அதையே செய்தேன். சிரித்த முகத்துத் தாடிக்காரனுக்கு அவ்வப்போது பொன் அனுப்பினேன், குதிரை அனுப்பினேன். அவன் நன்றி சொல்லும்போது எனக்குள் ஒரு நிம்மதி. இனி இவன் நம்ம ஆள்.

“நீங்கள் குடுக்கக் குடுக்க அவன்ட படைதான் பெருக்குது,” என்றாள் மனைவி. “உங்கட குதிரையிலதான் ஏறி வாறான். பாருங்கோ.”

பார்த்தேன். உண்மைதான். தாடிக்காரன் வாங்கியதை வைத்துக்கொண்டு என் மதிலின் உயரத்தை மட்டும் பார்த்தான். முகத்துக்காக விட்டுக்கொடுப்பது, பழகிய பழக்கத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொள்வது, இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவனிடம் முகம் இல்லை, படம்தான் இருக்கிறது. யார்டிலே ஒருவனையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதர்கள்மேல் ஒரு பாசம் வந்தது. பிறகு ஒரு பொன்காசும் எவனுக்கும் அனுப்பவில்லை.

அடுத்த ஆட்டத்தைக் கடலோரத்தில் தொடங்கினேன். முதலில் மதில், பிறகு துறைமுகம், பிறகு கப்பல். ராஜாக்கள் தரையில் புலிகள்தான், ஆனால் கடலில் குருடர்கள். என் கப்பல்கள் அவர்கள் கரையில் நங்கூரமிட்டு நின்றாலும் அவர்கள் வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டுகொள்ள ஒரு துறைமுகக்காரனுக்கு இவ்வளவு காலம் எடுத்ததே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் இலேசில் முடியவில்லை. இரண்டு தடவை என் கப்பல்களைப் புயல் அடித்துக்கொண்டு போனது. ஒருதடவை கை நடுங்கிப் படையைத் தவறான கரையில் இறக்கிவிட்டேன். வாரக்கணக்கில் போயிற்று. தோள் நோவு குறைந்து, சுட்டுவிரல் சொன்ன சொல் கேட்கத் தொடங்கியது. கடைசியில் ஒரு முற்பகல் தாடிக்காரனின் தலைநகரம் கடல்பக்கமாக விழுந்தது.

“விழுந்திட்டான்,” என்றேன்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தேடாமல், தடக்காமல், முழுசாக, தமிழில் வந்த சொல். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விழட்டும், நாசமாப் போனவன்,” என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு இடதுபக்கம் மட்டும்தான் போயிற்று, ஆனால் நல்ல சிரிப்பு.

அந்த வெற்றியில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கிழமை ஞாயிறு, பூசை முடிந்து மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் நல்ல பிள்ளை. எதையும் செய்து முடிக்காவிட்டால் அவனுக்கு நித்திரை வராது. வந்தவன் ஒரு நோக்கத்தோடு வந்திருந்தான் என்பது அவன் கதிரையின் நுனியில் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

“மாமா, ஹெந்தளையில கீழ் மாடி அறைய ரெடி பண்ணிட்டம். படி ஒண்டும் இல்ல. பாத்ரூமில பிடி போட்டாச்சு. இந்த ஃப்ளாட்ட வாடகைக்குக் குடுப்பம். இங்க லிஃப்ட் எந்த நேரமும் பிரேக்டவுண்தானே.”

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்கப்பா. எங்களோட இருங்க.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நான் வேலை செய்த இடம் போயிற்று, வாய் போயிற்று. இந்த ஜன்னலும், கீழே ரயிலும், கோல் ஃபேஸ் திடல் வரைக்கும் தெரிகிற கடலும்தான் மிச்சம். ஹெந்தளை நல்ல இடம்தான், ஆனால் அங்கே நான் இன்னொருவர் வீட்டு அறையில் ஒரு நோயாளி. அங்கே போனால் என் சொற்களையெல்லாம் இவர்கள் இருவரும் முடித்து வைத்துவிடுவார்கள், பிறகு எனக்கென்று ஒன்று சொல்லக் கிடைக்காது. பயம் என்றால் அதுதான் பயம். நான் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். சிங்களத்தில் அது நாக்கு நுனியில் தயாராக நின்றது, ‘மம என்னே நே’. விழுங்கினேன். மனைவிக்கு முன்னால் அதைத் தமிழில்தான் சொல்வேன் என்று பிடிவாதம்.

வந்தது ஒரேயொரு சொல். “வரேல்ல.”

மகள் என் கையைத் தடவினாள். “பரவாயில்லப்பா. ஆறுதலா வரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையை ஆட்டி, இன்னும் பலமாக, “வரேல்ல,” என்றேன்.

மருமகன் என் மனைவியின் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னான். “மாமாக்கு விருப்பம்தான் மாமி. ஓம் எண்டு சொல்லத்தான் வாய் வருதில்ல போல.”

தமிழில் ஒரு வசதி உண்டு. யார், எது என்று சொல்லாமலே பேசலாம். வராதது சொல்லா, ஆளா, மழையா என்று கேட்பவர் நிரப்பிக்கொள்வார். நல்ல காலத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. நாளுக்குப் பலமுறை ‘வரேல்ல’ என்று சொல்லி, அதை என் நோயின் பெயராகவே ஆக்கி வைத்திருந்தேன். இப்போது அதையே என் முடிவாகச் சொல்கிறேன், யாருக்குக் கேட்கும்? மருமகன் ஃபோனை எடுத்து, சாமான் ஏற்ற எந்தச் சனிக்கிழமை லொறி கிடைக்கும் என்று பார்க்கத் தொடங்கினான். இப்படித்தான் ஒரு மனிதனின் வாழ்க்கை அவன் முன்னாலேயே கைமாறுகிறது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

“தம்பி, பொறுங்கோ,” என்றாள் மனைவி. பிறகு என் முன்னால் வந்து குனிந்தாள். “என்ன வரேல்ல? சொல்லோ, நீங்களோ?”

நான் அவளைப் பார்த்துக்கொண்டே தேடினேன். சின்னச் சொல், ஆனால் அவ்வளவு இலேசில் அகப்படவில்லை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான்,” என்றேன்.

மருமகன் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாடிக்காரன் விழுந்தபோதுகூட எனக்கு இவ்வளவு நிம்மதி வரவில்லை. என்னைக் கேட்டுவிட்டார்கள். இனி ஒரு பேச்சு இல்லை என்று கதிரையில் சாய்ந்தேன்.

மனைவி நிமிர்ந்தாள். அவள் நிமிரும்போது ஒரு கையால் மேசையைப் பிடித்ததை அன்றுதான் கண்டேன்.

“நீங்கள் சொல்லிப் போட்டியள்,” என்றாள். “இனி நான் சொல்றன். அம்மாவும் அப்பாவும் எனக்குச் சீதனமாத் தந்த வீடு இது. விட்டிட்டுப் போக எனக்கு ஆசையோ? லிஃப்ட் நிண்ட நாளில உங்களைப் பிடிச்சுக்கொண்டு படியில இறங்கேக்க, விழுந்தா ரெண்டு பேரும் எண்டுதான் ஒவ்வொரு படியும் வைக்கிறனான். முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடக்குது. உங்களுக்குச் சொல்லேல்ல. பிள்ளைக்கும் சொல்லேல்ல. எனக்கு இனி ஏலாது.”

யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை. என்னைச் சம்மதிக்க வைக்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். மகள், “அம்மா,” என்றாள்.

நான் மனைவியின் கால்களைப் பார்த்தேன். பிறகு கடலைப் பார்த்தேன். எனக்குப் போக விருப்பமில்லை, இன்றைக்கும் அந்த ஜன்னலைத்தான் நினைக்கிறேன். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மகள் அவன் முழங்கையைத் தொட்டாள், அவன் வாயை மூடிக்கொண்டான். மூன்று பேரும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் உதட்டைக் கூட்டினேன், விட்டேன், மறுபடியும் கூட்டினேன்.

“போவம்,” என்றேன்.

அது வர எவ்வளவு நேரம் எடுத்ததென்று எனக்குத் தெரியாது. ஒருவரும் அதை எனக்காகச் சொல்லவில்லை.